9991-இன் பின்னிருக்கை

ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சரின் புருஷனுக்கு அதே பள்ளியில் மேல்வகுப்புக் கணக்கு. மனுஷனுக்குத் தன் ஸ்கூட்டர் எண்மேல் அப்படியொரு கர்வம். 9991. "பகா எண்! எதால வகுத்தாலும் மீதி வரும். என்னை மாதிரி, எவனும் கூறுபோட முடியாது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளப்பான். பள்ளியில் அவனுக்குப் பேரே பகா எண் சார்தான். வீட்டில் டீச்சருக்குப் பேர் மண்டு.

கல்யாணமான புதிதில் பெட்ரோல் பங்க்கில் வண்டிக்குப் பின்னால் நின்றபோது அவளுக்குப் பொறி தட்டியது. பத்தாயிரத்துக்கு ஒன்பது குறைவு. நூறின் வர்க்கத்தில் மூன்றின் வர்க்கம் போனது. அப்படியானால் நூறில் மூன்றைக் கழித்தும் கூட்டியும் பெருக்கினால் வந்துவிடும்: 97 பெருக்கல் 103. சந்தோஷமாக வாயைத் திறந்தாள். "நடுரோட்டுல என்ன பேச்சு?" என்று எல்லார் முன்னாலும் சீறி விழுந்தான். அன்றைக்கு மூடிய வாய். அதன்பிறகு அவன் மண்டு என்னும்போதெல்லாம் மனசுக்குள் 97-ஆல் ஒருதரம் வகுத்துக்கொள்வாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

இப்போது தலைமையாசிரியர் நாற்காலி காலி. நிர்வாகக் குழுவின் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவன் எடுத்துக்கொண்டது 9991-ஐத்தான். "நான் ஹெட்மாஸ்டர் ஆனதும் முதல் வேலையா உன்னைப் பாலர் வகுப்புக்குத் தள்ளுறேன். களிமண் பிசைஞ்சுக்கிட்டு உட்காரு." டீச்சருக்கென்று இருந்தது அந்த ஆறாம் வகுப்பு அறை ஒன்றுதான். கதவைச் சாத்தினால் உள்ளே மண்டு கிடையாது.

அப்படியும் மனசு கேட்கவில்லை. அன்று காலை அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி சொன்னாள்.

"ஏங்க, தொண்ணூத்தேழால ஒரு தடவை வகுத்துப் பாருங்களேன்."

"மண்டு, ஆறாம் வகுப்போட நிறுத்திக்க. எனக்கே கணக்கு சொல்லித்தர வந்துட்டா!"

அவள் காலரை இன்னும் நன்றாகத் தேய்த்துக் கொடுத்தாள்.

வர்க்கமூலம் நூறுக்குச் சற்றே கீழே, ஆகையால் நூறுக்குள் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று பாடத்தைத் தொடங்கினான். அதுவரை சரி. கரும்பலகையில் இரண்டு, மூன்று என்று ஏறிப்போய் எண்பத்தொன்பதில் சாக்பீஸைக் கீழே வைத்தான். 91 ஏழால் போய்விடும், 93 மூன்றால் போய்விடும் என்று எந்தக் காலத்திலோ தள்ளிய அவசரத்தில் 97-ஐயும் சேர்த்துத் தள்ளியிருந்தான் மகானுபாவன்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று குழுத் தலைவி கேட்டார்.

கடைசி வரிசையில் டீச்சர் எழுந்தாள். "தொண்ணூத்தேழு விட்டுப்போச்சு, சார்."

இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே திரும்பி வகுத்தான். 103 வந்தது. மீதி பூஜ்யம். அவனால் கரும்பலகையை விட்டுத் திரும்ப முடியவில்லை.

குழு கலைந்ததும் பள்ளி வாசலில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"கல்யாணமான வருஷமே."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"இன்னிக்குக் காலையில சொன்னதையே கேக்கல. அப்பவா கேட்டிருப்பீங்க?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு "ஏறு" என்றான்.

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. டீச்சர் ஆறாம் வகுப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.