டீக்கடைச் சுவரில் பதினொரு பெயர்

போன வாரம் கோவை கணபதியில் எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டுக்கு எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். வாடை மாடி ஏறி வந்துவிட்டது. மனைவி ஜன்னலைச் சாத்தினாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் ஒட்டியது என் விரலில் இல்லை, ஓர் அதிகாரியின் விரலில். இருந்தாலும் பார்ப்பேன், பழக்கமாகிவிட்டது.

காங்கேயம் போகிற வழியில் எங்கள் ஊர். பஸ் நிற்கிற முக்கில் ஓடு வேய்ந்த ஒரு டீக்கடை இருந்தது. அம்மா இளவயதில் தோட்டத்து வேலைக்குப் போன காலத்தில், அங்கே எங்கள் தெருக்காரர்களுக்குச் சிரட்டையில்தான் டீ. அதுவும் வெளியே குத்தவைத்துக் குடிக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், உள்ளே பெஞ்சு. ஒருநாள் எங்கள் தெருவிலிருந்து பதினொரு பேர் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அடி விழுந்தது. தோட்டத்தில் வேலை கிடையாதென்றார்கள். கடையைப் பூட்டினார்கள். பூட்டிய கடை வாசலில் பதினொரு பேரும் தினமும் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் டம்ளரில் டீ வந்தது. அதன் அடையாளமாகப் பிறகு உள்சுவரில் அவரவர் பெயரை ஆணியால் கீறிவைத்தார்கள். அதில் ஒரே பெண் அம்மா. பள்ளிக்கூடம் போகாதவர். அந்த ஒரு பெயருக்காக ஒரு வாரம் மண்ணில் கோடு போட்டுப் பழகினாராம். அதற்குப் பிறகு வேறெதையும் எழுதப் படிக்க அவர் மெனக்கெடவில்லை. “எனக்கு இது போதுஞ் சாமி” என்பார்.

சின்ன வயதில் எனக்கு அங்கே கண்ணில் பட்டது பெயர் அல்ல, போண்டாதான். தேங்காய்ப் பல் போட்ட போண்டா. அம்மா எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, டம்ளரோடு தன் பெயருக்குக் கீழேயே உட்காருவார். அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், எழுந்து போகும்வரை நின்றுகொண்டே காத்திருப்பார். எனக்கு மானம் போகும்.

பின்னாளில் கடையை வாங்கியவர் இடித்துவிட்டுக் காம்ப்ளக்ஸ் கட்டப்போவதாகச் சொன்னார். ஊர் இளவட்டங்கள் கூடி, அதை நினைவிடமாக்கிக் காப்பாற்ற வேண்டுமென்று மனு எழுதினார்கள். கோவையில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவன் என்று என்னைத் தலைவராக்கினார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடி டம்ளர்க்காரர்களின் மேலத் தெருவுக்கும் கையெழுத்து வாங்கப் போனோம். சிலர் போட்டார்கள், சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள். எத்தனையாவது மனுவுக்கோ பதில் வந்தது: நேரில் பார்க்க அதிகாரி வருகிறார்.

வீட்டுக்கு ஒரம்பரை, விருந்தாளி வருகிறதென்றால் வெள்ளையடிக்காமல் இருப்போமா?

“ஏனுங்க, இந்த அழுக்குச் செவுத்தையா காட்டறது?” என்று பெயிண்டர் கேட்டார்.

நான்தான் சொன்னேன், “பட்டி வெச்சு வழவழன்னு பண்ணிப்போடுங்க. பேரையெல்லாம் பெருசா, கலர்ல எழுதிருங்க.”

அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது பாருங்கள். கீறல் ஒன்றுகூடத் தெரியாமல் இரண்டு கோட்டு வெள்ளை பெயிண்ட். அதன்மேல் நீலத்தில் பதினொரு பெயர், கல்யாணப் பத்திரிகை மாதிரி வரிசையாக.

மறுநாள் காலையில் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். சுவரைத் தொட்டார், விரலில் நீலம் ஒட்டியது.

“அவங்க எழுதினது எங்கீங்க?”

“இதுதானுங்க.”

“இது நேத்து எழுதினதுங்களே.”

கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே கிளம்பினார். பழைய சுவரைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று காரில் ஏறும்போது கேட்டார். எங்களில் ஒருவரும் எடுத்திருக்கவில்லை. தினம் பார்க்கிற சுவரை யார் போட்டோ எடுப்பார்கள்?

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கால் மரத்துப்போனால் இருக்குமே, அந்த மாதிரி உடம்பு முழுக்க. எதிர்க்கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். சட்னி நன்றாக இருந்தது.

மத்தியானம் அம்மா வந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது கண்ணு” என்றார். டீ டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, “இதுல என்ற பேரு எது?” என்று கேட்டார். அவருக்குத் தெரிந்தது அவர் கீறிய எழுத்து மட்டும்தான். நான் எழுந்து போய்க் காட்டினேன். “அப்புடியா” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அந்த இடத்தில் இப்போது காம்ப்ளக்ஸ். அம்மாவும் இல்லை. அவர் கீறிய எழுத்து சாய்ந்திருந்ததா, நேராக இருந்ததா, பெரிதா, சிறிதா, எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து தின்ற போண்டாவின் ருசி மட்டும் அப்படியே இருக்கிறது.