கிடைக்காத படங்களின் சொந்தக்காரர்

தஞ்சாவூரில் திரைப்படச் சங்கம் நடத்திவந்த ஒருவரைத் தேடிப் போனேன். கதையோ விளக்கக் குரலோ இல்லாமல் ஆவணப்படங்கள் எடுத்த ஒரு பிரெஞ்சுக்காரரின் படங்கள் அவரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று எங்கள் ஊர் வயலில் எடுத்தது. பாரிசில் இருக்கும் அந்த இயக்குநருக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வராததால்தான் இவரிடம் வந்தேன்.

இஸ்திரி கலையாத கதர் ஜிப்பா, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. பேசும்போதெல்லாம் ஹார்ட் டிஸ்க்கை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், என்னவோ உற்சவருக்கு எண்ணெய்க்காப்பு செய்வதுபோல. கணினியில் படங்களின் பட்டியலைக் காட்டினார். ஒன்றையும் ஓட்டவில்லை.

“எங்க ஊர்ப் படத்த நீங்க பாத்துட்டீங்களா சார்?” என்று கேட்டேன்.

“பாக்குறது என்னங்க பெரிசு, யாரு வேணா பாப்பாங்க. வச்சிருக்கிறது யாரு? அதச் சொல்லுங்க.”

“ஒரு தடவ போட்டுக் காட்டுங்க சார். அதுல எங்க அம்மா நாத்து நடுறாங்கன்னு, கூட நட்ட பெரியம்மா சொல்றாங்க. எனக்கு ரெண்டு வயசுல அம்மா தவறிட்டாங்க. ஒரு போட்டோகூட இல்ல.”

துடைப்பதை நிறுத்தினார். மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.

“அப்படியா! அப்ப இது இன்னும் அபூர்வமாச்சே!” என்றவர், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு ஒரு நோட்டை எடுத்து, ‘நடவுப் பெண்களில் ஒருவர் யாரென்று தெரிந்தது’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

அம்மாவின் பெயரை அவர் கேட்கவே இல்லை. அப்படி என்னதான் தெரிந்ததோ அவருக்கு.