மஞ்சளுக்குப் போட்ட கலர்

எமர்ஜென்சி போட்ட வருஷம்தான் மட்டாஞ்சேரி கோடவுனில் மஞ்சளைத் தேய்த்து மெருகேற்றும் டிரம் சுற்றப் போனேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

இன்று வைட்டிலாவில் பஸ் ஏறினேன். பக்கத்தில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண், முன் சீட்டில் அவள் மாமா. தமிழில்தான் சண்டை.

"உணவு அறிவியலா? சாம்பார் வைக்க எதுக்குடி பட்டம்? காலேஜ் சீட் வேண்டாம்னு நாளைக்கே எழுதிக் கொடுத்துடு."

"மாமா, மஞ்சள் பளபளன்னு தெரிய ஒரு பொடி போடறாங்க. அதுல ஈயம் இருக்கு, நரம்பைக் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்கிற படிப்பு இது."

முதலாளி அதைக் 'கலர்' என்பார். வெறும் கையால் அள்ளி டிரம்மில் போட்டவன் நான்.

"டிரம் கழுவின தண்ணியைக் காயல்ல விட்டா கரைஞ்சு போயிடும்தானே மோளே?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஈயம் எங்கேயும் போகாது தாத்தா. சேத்துல தங்கும், அங்கேருந்து மீனுக்குப் போகும்."

மாமா திரும்பினார். "உங்களுக்கு எதுக்கு சேட்டா இதெல்லாம்?"

"அப்படி விட்டது நாங்கதான். அவ படிக்கட்டும்" என்றேன்.

டிரம் சுற்றிய நாலு பேரில் ஹம்சாவும் வேலாயுதனும் இறந்துபோனார்கள். இன்னொருவனுக்குச் சாயா கிளாஸ் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. வயசாச்சு, அதுதான் என்று நானே அவனைக் கேலி செய்திருக்கிறேன்.

இதை இனி அவனிடம் எப்படிச் சொல்ல? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னை விட்டால் மிச்சம் இருப்பது அவன், சுள்ளிக்கல்லில் இருக்கும் அந்தோணி, ஒருவன்தான்.