கோட்டுப் போட்ட எலி

அம்மாடி, அவ்வளவு பெரிய எலியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. செந்தூலில் எங்கள் பழைய அடுக்குமாடிக்குப் பின்னால், சாக்கடையோரத்து நீளச் சுவர் முழுக்க அதுதான். கோட்டு, டை, தலையில் வெள்ளை ஹெல்மெட். எங்கள் புளோக்கையே கையில் பிடித்து முறுக்கு மாதிரி கடித்துக்கொண்டிருந்தது. காண்டோ என்ற சொகுசு மாடிவீடு கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்திருந்த வாரம் அது. எட்டு வயதுக்காரிக்கு நோட்டீசாவது ஒன்றாவது! ஐந்தாம் மாடியில் எங்கள் ஜன்னலை, அதில் காய்ந்த அம்மாவின் பச்சை நைட்டி உட்பட வரைந்திருந்தார்கள். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வரைந்தது யாரென்று யாருக்கும் தெரியாது. அழிக்கப்போவது யாரென்று எல்லோருக்கும் தெரியும். சுவர்க் கிறுக்கல்களுக்கு வெள்ளையடிக்கும் குத்தகைக் கம்பெனியில்தான் அப்பாவுக்கு வேலை.

"அடுத்தவன் செவுத்துல கிறுக்குறது ரௌடித்தனம் லா," என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடி.

"வீட்டை இடிக்கிறவன் நல்லவன், படம் போட்டவன் ரௌடியா?" அம்மா பொரிந்து தள்ளினாள்.

"அழிக்கலன்னா வேலை போயிரும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் எலி போய்விடுமே!

சனிக்கிழமை காலை பெயிண்ட் லோரி வந்த சத்தம் கேட்டு அழுதுகொண்டே ஓடினேன். அங்கே எலியின் நெற்றியில் தட்டளவு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கழுத்தில் செவ்வந்தி மாலை. கீழே வாழைப்பழத்தில் ஊதுபத்தி புகைந்தது. பக்கத்து புளோக் ஆன்டிகள் செருப்பைக் கழற்றிவிட்டு, "பிள்ளையாரோட மூஞ்சூறு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏணி இல்லாமல் எட்டாத நெற்றி அது. பொட்டு தானாகவே வந்திருக்கிறது என்று எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

பொட்டு வைத்த மரத்தையோ கல்லையோ தொட எங்கள் பக்கம் எந்தக் குத்தகைக்காரனுக்கும் துணிச்சல் கிடையாது. மலாய்க்கார சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். உங்கள் சாமியா என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஆமா பாஸ்," என்று மலாயில் பவ்யமாகச் சொன்ன அப்பா, பெயிண்ட் உருளையை அவர் பக்கம் நீட்டினார். "நான் தொட மாட்டேன். நீங்க வேணா அடிங்க."

சூப்பர்வைசர் உருளையைத் தொடாமலே லோரியில் ஏறிக்கொண்டார்.

நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தேன். விரலிடுக்கில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகூட விபூதி வைக்காத மனிதர், இன்று எல்லோருக்கும் முந்திக் கும்பிட்டுவிட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.