கண்ணாடிக்கு அடியில் ஒரு கையெழுத்து

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு ஊர்க்காரர்களின் நேர் முகத்தைவிட அவர்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் முகம்தான் அதிகம் பழக்கம்.

திண்டுக்கல் பேகம்பூரில் 'ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். இதே போர்டை மாட்டியிருக்கும் மற்ற ஊர்க்காரர்களே, திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, அதை நாம்தான் சுற்றவிட்டதுபோல வாடிக்கையாளர் நம்மை முறைப்பாரே, அந்த வேதனை உங்களுக்குத்தான் புரியும். கடையில் எனக்குத் துணை காஜா பாய். பன்னிரண்டு வருஷம் அரபு நாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது இங்கே விண்ணப்பம் நிரப்புகிறார். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அதிலும் பாதிப்பேர், வேலைக்குப் போகிறேன் என்பதை விண்ணப்பத்தில் சொல்லாமல் போகிறவர்கள்.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்

கீரனூரிலிருந்து ஒருவர் வந்தார். டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றார். பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டதற்கு, மனப்பாடம் செய்ததுபோல, "ஊர் சுத்திப் பாக்கங்க" என்றார். பையிலிருந்து ஆதார் கார்டை எடுக்கும்போது கூடவே ஒரு பரோட்டாக் கரண்டி டணார் என்று தரையில் விழுந்தது. நீளமான கைப்பிடி, தேய்ந்து பளபளத்த முனை. சொந்தக் கரண்டி இல்லாமல் கை ஓடாதாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பொய்யை எழுதிக் கொடுக்க நான் இங்கே உட்காரவில்லை, முறையாக வேலை விசா வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். சரி, அங்கே போய் எந்தெந்த இடத்தைத்தான் பார்ப்பதாக உத்தேசம் என்றும் கேட்டுவைத்தேன். கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஏனுங்க, ஹோட்டலுக்குப் பொறத்தால ஒரு ரூம் குடுப்பாங்களாமுங்க. வெளிய விடமாட்டாங்களாம். அதைத்தானுங்க பாக்கோணும்."

விவாத மேடை

எங்கள் கடைக்கு நிரந்தர வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. ஒரு தாள்கூட நகல் எடுக்க மாட்டார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். ஓசிப் பேப்பர் படிக்க வருவார். நாங்கள் சார் என்போம். பேப்பரில் எந்த நாட்டிலாவது திருட்டுத்தனமாகக் குடியேறியவர்களைப் பிடித்தார்கள் என்று செய்தி வந்துவிட்டால் போதும், அன்றைக்கு எங்கள் காது தப்பாது.

"காகிதம் இல்லாம எவன் எந்த நாட்டுக்குள்ள வந்தாலும் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளணும். இது என்ன சத்திரமா?" என்று கையை வீசி வீசிப் பேசுவார். பாய் அமைதியாக, "சத்திரத்துல பாத்திரம் வெளக்குறதே அவங்கதான சார்" என்பார். ஒருநாள் இப்படித் தொண்டை வறளப் பேசி முடித்தவர், என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். மகனுக்கு டூரிஸ்ட் விசா போட வேண்டுமாம். உள்ளே நுழைந்துவிட்டால் வேலை தானாகக் கிடைத்துவிடுமாம். நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். சார் அசரவில்லை. "நீ நெனக்கிறது வேற, இது வேறம்மா. எம்மவன் பொழைக்கப் போறான்" என்றார்.

சாவி யாரிடம்

நல்ல யோசனை ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று எல்லா நாடும் தாராளமாகத் தற்காலிக வேலை விசா கொடுத்துவிட்டால் எவனாவது ஒளிந்து போவானா? இதைப் பாயிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

அவர் முறையாகப் போனவர். ஒரு கடையின் பெயரில் விசா. அந்தக் கடைக்குப் போனால், கார் கழுவச் சொன்னார்களாம். கோடையில் வாளி பிடியே சுடுமாம். அடுத்த தெருவில் நல்ல வேலை கிடைத்தும் மாற முடியவில்லை. முதலாளியை விட்டு ஒரு நாள் விலகினாலும் அவரும் திருட்டுக் குடியேறிதான். பாஸ்போர்ட் முதலாளியின் மேஜைக்குள். அப்படியானால் முறையாகப் போவதும் தப்பா என்று கேட்டேன். பாய் மறுபடி கீபோர்டில் கையை வைத்தார். பிறகு, "நேரா போறதுதாம்மா சரி. ஆனா நேரா போனவனுக்கும் கதவுச் சாவிய அவன் கையிலயே குடுக்கணும்ல?" என்றார்.

செல்வியின் கேள்வி

சின்னாளப்பட்டியிலிருந்து செல்வி வந்தது அந்த வாரம்தான். புடவைக் கடையில் வேலை. புருஷன் பாண்டி நான்கு வருஷத்துக்கு முன் ஏஜெண்டு சொன்னான் என்று டூரிஸ்ட் விசாவில் மலேசியா போய், அங்கேயே தங்கி ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறான். காக்கியோ நீலமோ, எந்த யூனிபார்மைக் கண்டாலும் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விடுவானாம். இப்போது அங்கே ஓர் அறிவிப்பு வந்திருந்தது. காகிதம் இல்லாதவர்கள் தாமாக வந்து அபராதம் கட்டினால் சிறைக்கு அனுப்பாமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசி நாளுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு பிடிபட்டால் ஜெயில்தான்.

ஊர் திரும்ப நம் தூதரகத்தில் ஒரு பயணச் சான்று வாங்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டின் எண்ணோ நகலோ இருந்தால் சீக்கிரம் முடியும். இல்லாவிட்டால் விசாரித்து வர நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட்டை ஏஜெண்டு பிடுங்கி வைத்துக்கொண்டான். அவன் போன் அணைந்து கிடக்கிறது. வீட்டில் ஒரு துண்டு நகல் இல்லை. அந்தக் காலத்தில் பாண்டி நகல் எடுத்தது என் கடையில்தானாம். ஆனால் என் பழைய கம்ப்யூட்டர் போன வருஷமே உயிரை விட்டிருந்தது. செல்வி ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினாள். எதிலும் அந்த எண் இல்லை. நான் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கினேன். அவளே கேட்டாள்: "ஏக்கா, அவரு இந்த ஊர்க்காரருதான்னு நான் சொன்னா பத்தாதா?"

டீ கொட்டிய நாள்

அடுத்த நான்கு நாளும் செல்வி வந்தாள். நாங்கள் தேடாத இடமில்லை. ஐந்தாம் நாள் சார் வழக்கம்போலக் கையை வீசி விவாதம் செய்ததில், டீ கிளாஸ் கவிழ்ந்து மேஜை முழுக்க ஓடியது. விண்ணப்பக் கட்டுகளை அள்ளித் தரையில் போட்டேன். சாரை நான் என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. செல்வி தானாகவே துணியை எடுத்து மேஜைக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த கை நின்றுவிட்டது.

நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: நகலில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று நாளைக்கு நாற்பது பேர் கேட்பார்கள். அந்தத் தொல்லைக்காக, யாரோ ஒருவர் கூடுதலாகக் கையெழுத்திட்டு விட்டுப்போன பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் மாதிரியாக வைத்திருந்தேன். அடுத்தவர் விவரம் தெரியக்கூடாதே என்று படம், பெயர், எண், விலாசம் எல்லாவற்றின்மேலும் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்திருந்தேன். கையெழுத்து மட்டும்தான் வெளியே தெரியும். யாருடையது என்பது எனக்கே மறந்துபோயிற்று. பாதி நாள் அது விண்ணப்பக் கட்டுக்கு அடியில்தான் கிடக்கும்; செல்வியும் அந்தக் கட்டின்மேல்தான் தினமும் கையூன்றி நின்றாள்.

அது பாண்டியின் கையெழுத்து என்றாள் செல்வி. பாய் எதிர்க்கடையிலிருந்து கொதிக்கும் வெந்நீர் வாங்கிவந்து, ஆவியில் காட்டி ஒட்டுத்தாளைப் பிரித்தார். ஓர் எழுத்து, பிறகு ஏழு எண்கள், ஒன்றுகூடச் சேதமில்லை. படத்தின்மேல் இருந்த தாளும் வந்தது. படத்திலிருந்து பாண்டி எங்களை முறைத்துப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சார்கூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செல்வி மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துக்குக் கீழே இருந்த இரண்டு புள்ளிகளைத் தொட்டபடி சொன்னாள்: "எதுக்கு இந்த ரெண்டு புள்ளின்னு கேட்டா, ஒண்ணு நீயி, ஒண்ணு நானுன்னு சொல்வாருக்கா."

மெஷினுக்குப் பின்னால்

நகலைப் போனில் அனுப்பினோம். சான்று கிடைத்தது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் பாண்டி விமானம் ஏறினான். திருச்சியில் இறங்கிவிட்டான் என்று செல்வி சொன்ன அன்று மத்தியானம்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள். படத்தில் இருந்ததில் பாதியாக இருந்தான் ஆள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு போலீஸ்காரர் கடைக்குள் வந்தார். திரும்பிப் பார்த்தால் பாண்டியைக் காணோம். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, மெஷின் ரிப்பேரா?" என்றார். செல்வி புருஷன் கையைப் பிடித்து, "வெளிய வாங்க. அவரு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்காரு" என்று இழுத்தாள். பாண்டி மெதுவாக எழுந்தான். போலீஸ்காரரின் தொப்பியிலிருந்து ஷூ வரை நிதானமாகப் பார்த்தான். அவர் நகலை வாங்கிக்கொண்டு போனபிறகுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த சார், நிரப்பித் தரச் சொல்லி எடுத்துவந்திருந்த மகனின் டூரிஸ்ட் விசா விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நாலு வருசத்துல இன்னைக்குத்தாங்க்கா ஒரு போலீஸ முழுசாப் பாத்தேன்."

ஊரில் பாதிப்பேரை வெளிநாட்டுக்கு அனுப்பிய நகல்கள் என் மெஷினிலிருந்து போயிருக்கின்றன. ஓர் ஆளை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான், அதை நான்கு வருஷமாகக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுக்காமல் விட்ட பெருமை என் சோம்பேறித்தனத்துக்கே.