மச்சானின் தலை கண்ணாடிக்கு மேலே

யட்டவத்த வீதி வளைவில் மச்சான் காரைத் திருப்பியபோதுதான் எனக்கு அது உறைத்தது. மாமாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட், கூரை இல்லை. முன்கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே மச்சானின் நெற்றி முழுதாகத் தெரிந்தது. முடி பறந்தது. என் தோளுக்குக்கூட எட்டாதவன் தலையே கண்ணாடியைத் தாண்டி நிற்கிறதென்றால், தப்பு என் காலில் இல்லை. சீட்டில்!

அதுவரை என் உயரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு முழங்கால் வலி; கிளச்சை மிதிக்க முடியாது. அடுத்த மாதம் மாத்தளையிலிருந்து பழைய கார்கள் வரிசையாகக் கண்டிக்குப் போகின்றன. மாமாவைப் பக்கத்தில் வைத்து யாராவது ஓட்டவேண்டும். மச்சான் அவருடைய சொந்த மகன். ஆனாலும் மாமா நியாயமாகவே சொன்னார்.

"ரெண்டு பேருல யாரு ஒழுங்கா ஓட்டுறீங்களோ, அவங்க ஓட்டுங்க."

அவனைவிட நான் நன்றாக ஓட்டுவேன். அவன் கியர் மாற்றினால் கருங்கல் அரைபடும் சத்தம் வரும். ஆனால் நான் உட்கார்ந்தால் இரண்டு முழங்காலும் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் மாட்டிக்கொள்ளும். காலைத் தூக்கிக் கிளச்சில் வைப்பதற்குள் வண்டி நின்றுவிடும்.

"டேய், பாக்கு மரத்த த்ரீவீல்ல ஏத்தின மாதிரி இருக்குடா!" என்பான் மச்சான்.

அவனோ கதவைத் திறக்காமலே துள்ளி ஏறி உட்காருவான். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். சாப்பிடும்போதுகூட அவன் கால்கள் மேசைக்கடியில் எவ்வளவு சுலபமாக மடிகின்றன என்றுதான் பார்ப்பேன். குட்டைக் கால்கள். கொடுத்துவைத்த கால்கள்.

அந்த வளைவுக்குப் பிறகு போனில் பழைய படங்களைத் தேடினேன். இதே ரகக் காரில் நெட்டை வெள்ளைக்காரர்கள் தரையோடு தரையாக, சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே போனது. ஓடிப்போய் எங்கள் சீட்டை அழுத்திப் பார்த்தேன். கை அமுங்கிக்கொண்டே போனது.

"மாமா, இத யாரு தைச்சாங்க?"

"டவுன்ல த்ரீவீல் சீட் தைக்கிற கடையில. நல்லா உசரமா, மெத்துன்னு வைங்கன்னு நாந்தான் சொன்னேன். ஏன், நல்லாயில்லயா?"

இதுதான் எங்கள் ஆட்கள். எந்த வண்டி வாங்கினாலும் முதலில் சீட்டைத் தடியாக்குவார்கள். பிறகு அதன்மேல் பொலித்தீன் உறையை வருடக்கணக்கில் கழற்றாமல் வைத்திருப்பார்கள். அதுதான் வண்டிக்குச் செய்கிற மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் கெஞ்சி சீட்டின் தையலைப் பிரித்தேன். மேலே ஒரு மெல்லிய ஸ்பொஞ்ச், அதற்கடியில் தடித்த ஒன்று, அதற்கும் அடியில் தேங்காய்த் தும்பு. மெல்லியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உருவி எடுத்தேன். உட்கார்ந்தேன். முழங்கால்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விட்டன! கால் தடையில்லாமல் பெடலுக்குப் பெடல் மாறியது. மாமாவை ஏற்றிக்கொண்டு நாவுல பக்கம் போனேன். நேர் வீதியில் ராஜா மாதிரி இருந்தது. திருப்பங்களில்தான் ஸ்டியரிங் தொடையில் உரசிக் கை வழுக்கியது. ஒரு இடத்தில் எதிரே பஸ் வர, மாமா கதவைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் மச்சான் ஏறி, மாமாவோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

"அட, இப்பதான்டா சொகமா இருக்கு. மூஞ்சில காத்தே அடிக்கல. தேங்க்ஸ்டா!"

அந்த ஸ்பொஞ்சையெல்லாம் அப்படியே திரும்பத் திணிக்கலாமா என்று இருந்தது. வியர்க்க வியர்க்க உருவியவன் நான், சுகம் அவனுக்கு.

மாமா இறங்கி முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஒனக்கு கை நல்லா வருது மருமகனே. ஆனா கண்டி ரோட்டு எறக்கத்துல இப்படி ஒரசினா? வர்ற ஞாயிறு வரைக்கும் பாக்குறேன். இல்லாட்டி இவனே ஓட்டட்டும்."

மச்சான் உள்ளேயே உட்கார்ந்து ஹோர்ன் அடித்தான்.

சீட்டுக்குப் பின்னால் நான்கு விரல் அகலத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. அவ்வளவு தள்ளிவிட்டால் தொடை ஸ்டியரிங்கில் உரசாது. தரையில் புதிதாக ஓட்டை போடக்கூடாது என்பது மாமாவின் கண்டிப்பான உத்தரவு. அதனால் நாளைக்குத் தடித்த இரும்புப் பட்டை இரண்டு வெட்டி, சீட் பூட்டியிருந்த பழைய ஓட்டைகளிலேயே இறுக்கி, சீட்டை அந்தப் பட்டைகளின் பின்முனையில் பூட்டிப் பார்க்கப் போகிறேன். அவ்வளவு பின்னால் போனால் மச்சானின் கால் கிளச்சுக்கு எட்டுமா என்றும் பார்க்கவேண்டும்.