பல்பு எரிந்தால் போதுமா?

போன சனிக்கிழமை ஓர் உருளைக்கிழங்கை வைத்து ஒரு கப்பலைக் காப்பாற்றினேன். அதற்காக இந்த வாரம் என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

துறைமுக டாக்கில் ஒரு காண்ட்ராக்டரிடம் நான் எலெக்ட்ரிக் வயர்மேன் என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக டெம்பரரி. இந்த மாதம் பெர்மனெண்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு. பேச்சுத்தான்... ஆனால் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் என் அப்பா அதைத் தாராவி முழுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அவர் சொல்லாமல் என்ன செய்வார்?

சனிக்கிழமை காலை ஒரு மில் முதலாளி சேட்டின் உல்லாசக் கப்பல் வந்து கரையில் கட்டியிருந்தது. வெள்ளை வெளேரென்று அத்தனை பெரிய கப்பல்; பித்தளைக் கம்பிகளில் முகம் பார்த்துத் தலை வாரலாம். சாயங்காலம் அதில் டீ பார்ட்டி. கப்பலின் சொந்த டைனமோ ஓடினால் காது போகும், புகை வரும், விருந்தாளிகளின் பட்டுச் சேலையில் கரி விழும். ஆகையால் டைனமோவை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கேபிள் இழுத்துக் கரண்டு கொடுக்க வேண்டுமென்று சேட் உத்தரவு.

எங்கள் சூப்பர்வைசர் கணபதி சார் மாட்டுங்காக்காரர். இருபது வருஷ சர்வீஸ். அவருக்கும் எங்களுக்கும் ஒரே பழக்கம் — டெஸ்ட் பல்பு. ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். எங்கே போனாலும் முதலில் அதை வைத்துப் பார்ப்போம். நன்றாக எரிந்தால் கரண்டு சரி. மங்கலாக எரிந்தாலோ, பட்டென்று போனாலோ சரியில்லை. அவ்வளவுதான் எங்கள் சாஸ்திரம்.

சார் கப்பலில் வைத்துப் பார்த்தார், எரிந்தது. கரையிலுள்ள கரண்டுப் பெட்டியில் வைத்துப் பார்த்தார், அதே பிரகாசம்.

"ரெண்டும் ஒண்ணுதாண்டா. மாட்டு" என்றார்.

நான் கேபிளைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன்? கப்பலின் அடித்தளத்தில் ஒரு பம்பு மோட்டார் இருக்கிறது. அதன் மேல் ஒரு பித்தளைத் தகடு. அதில் டிசி என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டேன். கரையில் இருப்பது ஏசி, உங்கள் வீட்டுக்கு வருகிற அதே கரண்டு. டிசி குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே பக்கம் போகும். ஏசி ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் போய் வரும். பல்புக்கு இரண்டும் ஒன்று. குளிர் காய்கிறவனுக்கு எந்த விறகு எரிந்தால் என்ன? ஆனால் டிசி மோட்டாருக்கு ஏசியைக் கொடுத்தால் சுற்றாது. நின்ற இடத்தில் உறுமும், சூடேறும், புகையும். பக்கத்தில் எண்ணெய்ப் பீப்பாய்கள். அதற்கும் பக்கத்தில் எஞ்சின் டிரைவர், கோவாக்காரர். மேலே சேட்டின் விருந்தாளிகள், குழந்தைகுட்டிகளோடு.

தகட்டில் எழுதியிருக்கிறது என்று சொன்னேன்.

"தகடு சீமையிலே அடிச்சது. பல்பு நம்ம கண்ணு முன்னாடி எரியறது. நீ எதை நம்புவே? நாலு எழுத்துப் படிச்ச திமிரா?" என்றார் சார்.

கேபிளின் மறு முனையைப் பிடித்திருந்த மாடசாமி அண்ணாச்சி என் காதோரம் வந்தார். "எல, பேசாம மாட்டிட்டுப் போயிருவோம். எரிஞ்சா கப்பல்தான எரியும், உங்க அய்யா வீடா? பெர்மனெண்ட் வார நேரத்துல உனக்கு எதுக்குல இந்த வேல?"

உண்மைதான். எதற்கு இந்த வேலை? ஆனால் படித்ததைப் படிக்காத மாதிரி இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே!

நேரே கப்பலின் சமையல்காரனிடம் போய் ஓர் உருளைக்கிழங்கு கேட்டேன். உன் கரண்டுக்குப் பசிக்கிறதா என்று இந்தியில் கேட்டுக்கொண்டே கொடுத்தான். இரண்டாக நறுக்கினேன். டெஸ்ட் பல்பை நடுவில் தொடுத்து, கப்பல் கரண்டின் இரண்டு செம்பு ஒயர்களையும் ஒரு பாதியில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் குத்தினேன். கொஞ்ச நேரம். ஒரு ஒயரைச் சுற்றி மட்டும் கிழங்கு பச்சையாயிற்று — டிசி. மறு பாதியைக் கரைக்குக் கொண்டுவந்து அதே மாதிரி குத்தினேன். இரண்டு பக்கமும் லேசாக நுரைத்தது. எந்தப் பக்கமும் தனியாகப் பச்சை ஏறவில்லை. மாலை வகுப்பில் கற்ற வித்தை. பிளேட்டில் வைத்து இரண்டு பாதியையும் சாரிடம் நீட்டினேன்.

சார் கிழங்கைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்த எஞ்சின் டிரைவர் மட்டும் கீழே போய், கரைக் கேபிள் வரும் கதவைச் சாத்திவிட்டார்.

டைனமோ ஓடியது. பார்ட்டி நடந்தது, புகையோடு. சேட்டுக்குக் கோபம். பெரிய மனிதருக்குக் கோபம் வந்தால் யாராவது ஒருவன் தப்பு செய்திருக்க வேண்டுமல்லவா?

திங்கட்கிழமை காண்ட்ராக்டர் ஆபீசிலிருந்து டைப் அடித்த கடிதம் ஒன்று சார் கையில் வந்தது. 'மேலதிகாரியின் உத்தரவைக் காரணமின்றி மீறினேன், வருந்துகிறேன்' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பெர்மனெண்ட்.

"ஏல, ஒரு கையெழுத்துதான. போட்டுரு" என்றார் அப்பா. அவர் ஆயுசில் யார் யாரோ நீட்டிய காகிதத்திலெல்லாம் பெருவிரலை வைத்தவர். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவருக்குப் படித்துச் சொன்னதில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் காகிதத்தை நான் படித்துவிட்டேனே, என்ன செய்வது?

'காரணமின்றி' என்ற சொல்லையும் 'வருந்துகிறேன்' என்ற சொல்லையும் அடித்தேன். கீழே காரணத்தை எழுதினேன், பம்பு மோட்டார், தகடு, கிழங்கு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு வரி. அதற்கடியில் என் கையெழுத்து, கொட்டை எழுத்தில். கணபதி சார் இரண்டு தரம் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பெர்மனெண்ட் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டாலும் அந்தப் பன்னிரண்டு வரியில் ஒரு வரியைக்கூட நான் திரும்ப வாங்குவதாக இல்லை.

நேற்று மாடசாமி அண்ணாச்சியின் பைக்குள் பார்த்தேன். டெஸ்ட் பல்புக்குப் பக்கத்தில் ஓர் உருளைக்கிழங்கு. கேட்டால், பொரியலுக்கு என்கிறார்!